பெயின்டில் எழுதியதும் வெண்கட்டியில் எழுதியதும்: ஆப் ஷெல் என்றால் என்ன?

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தான். நுவரெலியாப் பக்கத்து மரக்கறி விலைகளை அன்றாடம் போடுகிற சின்ன இணையத்தளம் ஒன்றை அவனாகவே செய்து நடத்துகிறான். “அண்ணே, ஆப் ஷெல் போட்டா சைட் பறக்கும்னாங்க. போட்டேன். முன்ன இருந்ததவிட இப்பதான் ஸ்லோவா இருக்கு” என்றான். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். ஏதோ வீடியோவில் பார்த்தானாம். எப்படி அளந்து பார்த்தாய் என்றேன். “இன்காக்னிட்டோலதான் அண்ணே. ஒவ்வொரு தடவையும் மூடிட்டு, புதுசா திறந்து, கவனமாத்தான் பார்த்தேன்.”

இன்காக்னிட்டோ என்பது பிரௌசரில் தடயம் வைக்காமல் பார்க்கும் ஜன்னல். கோளாறு அவனுடைய அந்தப் பதிலில்தான் இருந்தது. ஏன் என்று அவனுக்கு விளங்க வைக்க அரை மணித்தியாலம் பிடித்தது. ஆப் ஷெல் என்ற பெயரைக் கேட்டவர்கள் நிறைய. அது எதை வேகமாக்கும், எதை ஆக்காது என்று பிரித்துச் சொல்பவர்கள் குறைவு. அதனால் அவனிடம் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டேஷன் பலகை

மலைநாட்டு ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒரு கரும்பலகை. கட்டங்கள், தலைப்புகள், ‘பொடி மெனிக்கே’, ‘உடரட்ட மெனிக்கே’ என்ற ரயில் பெயர்கள், வரவேண்டிய நேரம் எல்லாம் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். கடைசிக் கட்டம் மட்டும் வெறுமை. இன்றைக்கு ரயில் எத்தனை நிமிடம் பிந்தும் என்பதை வெண்கட்டியால் அதில் எழுதுவார்கள். மறுநாள் துணியால் துடைத்துவிட்டு வேறு எண்.

பெயின்டில் எழுதியது மாறாது. வெண்கட்டியில் எழுதியது தினமும் மாறும். இப்போது அந்த ஸ்டேஷன் மாஸ்டர் காலையில் வந்து முழுப் பலகையையும் சுரண்டிவிட்டு, கோடு கீறி, பெயர்களையெல்லாம் திரும்பப் பெயின்டில் எழுதி, அது காய்ந்த பிறகுதான் பிந்தும் நேரத்தை எழுதுவேன் என்று நின்றால் எப்படி இருக்கும்? பொடி மெனிக்கே வந்து போயே விடும்.

நாம் செய்கிற இணையத்தளங்களில் பாதிக்கு மேல் அந்த ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரித்தான் நடந்துகொள்கின்றன என்பது என் அனுபவம். தம்பியின் விலைத் தளத்தையே எடுங்கள். மேலே பெயர்ப்பட்டை, பக்கத்தில் மெனு, தேடும் பெட்டி, பட்டியலின் கட்டங்கள், நிறங்கள், எழுத்துரு. இவை நேற்றும் இன்றும் ஒன்றுதான். கரட் என்ன விலை, லீக்ஸ் என்ன விலை, கோவா என்ன விலை என்பது மட்டுமே புதிது. ஆனாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறது.

மாறாத அந்தச் சட்டகத்துக்குத்தான் ஆப் ஷெல் என்று பெயர். ஷெல் என்றால் ஓடு. சிரட்டை அப்படியே இருக்க, உள்ளே ஊற்றுவதுதான் மாறுகிறது. பக்கத்தின் எலும்பாகிய எச்டிஎம்எல், உடுப்பாகிய சிஎஸ்எஸ், வேலை செய்யும் கையாகிய ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும் சட்டகத்துக்கு வேண்டிய அளவை மட்டும் பிரித்தெடுத்து, போனிலேயே வைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே திறப்பது. தனியாக டவுன்லோட் பண்ணிப் போடுகிற மென்பொருள் ஒன்றும் இதில் இல்லை. பிளே ஸ்டோரில் இருக்கும் ஆப்புக்கும் இதற்கும் பெயர்தான் உறவு. இது ஒரு பக்கத்தைக் கட்டும் முறை.

சுமையா, நடையா?

மலையகத்தில் பக்கம் மெதுவாகத் திறந்தால் ‘ஸ்பீட் இல்லை’ என்கிறோம். சிலர் பனிமூட்டத்தைத் திட்டுகிறார்கள். பாவம் பனி, மொபைல் அலைகளை அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கோபுரத்துக்கும், தோட்டத்து வரிசை வீடாகிய லயத்துக்கும் நடுவில் நிற்கிற மலைதான் மறைக்கிறது. 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் பிள்ளைகள் போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியதும் அதனால்தான்.

ஸ்பீட் என்று நாம் சொல்வது, ஒரு நேரத்தில் எவ்வளவு சுமை வரும் என்பதை. சின்னப் பக்கத்தைத் திறக்கும்போது நம்மை அதிகம் காக்க வைப்பது சுமையல்ல, நடை. மேல் டிவிஷனிலிருந்து டவுனுக்கு ஒரு பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறீர்கள். போய் சவர்க்காரம் வாங்கி வருகிறான். வந்ததும், “அய்யோ, நெருப்புப் பெட்டியைச் சொல்ல மறந்துட்டேனே” என்று திரும்ப அனுப்புகிறீர்கள். பிறகு சீனிக்கு. மூன்றையும் சேர்த்தாலும் ஒரு கிலோ வராது. ஆனால் பிள்ளைக்கு ஒரு நாள் போய்விட்டது.

இணையத்தில் ஒரு போய்வருகைக்கு ஆகும் இந்த நேரத்தை லேட்டன்சி என்பார்கள். ஒரு பக்கத்தைப் புதிதாகத் திறக்கும்போது போன் முதலில் தளத்தின் முகவரியை விசாரிக்கிறது. அது ஒரு நடை. சர்வருடன், அதாவது தளம் இருக்கும் தூரத்துக் கணினியுடன், தொடர்பு ஏற்படுத்த இன்னொரு நடை. பாதுகாப்புப் பூட்டைப் பொருத்த இன்னொன்று. அதற்குப் பிறகுதான் ‘பக்கத்தைக் கொடு’ என்று கேட்கிற நடை. கணக்குக்காக ஒரு நடைக்கு 300 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். முதல் எழுத்து கண்ணில் படுவதற்கு முன்பே 1.2 செகண்ட் போய்விட்டது. எத்தனை ஜிபி டேட்டா போட்டிருந்தாலும் இந்த 1.2 குறையாது.

அதோடும் முடிவதில்லை. புதுத் தொடர்பில் சர்வர் முதல் கூடையில் ஏறத்தாழ 14 கிலோபைட்தான் அனுப்பும். வந்து சேர்ந்தது என்று பதில் கிடைத்த பிறகே அடுத்த கூடை, கொஞ்சம் பெரிதாக. வந்த பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் அது நிறக் கோப்பைக் கேட்கும், ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்கும், எழுத்துருவைக் கேட்கும். சிக்னல் இரண்டு கோட்டுக்கும் ஒரு கோட்டுக்கும் நடுவில் ஊசலாடும் இடத்தில் இந்த நடைகளில் ஒன்று பாதி வழியில் தொலைந்தால், அந்த நடையைத் திரும்ப நடக்க வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: மாறாத சட்டகம் ஒன்று, மாறும் உள்ளடக்கம் ஒன்று. சட்டகத்துக்காக ஒவ்வொரு முறையும் டவுனுக்கு நடப்பதை நிறுத்துவதுதான் ஆப் ஷெல்லின் வேலை.

இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாயி

சட்டகத்தைப் போனில் வைக்கும் இடத்துக்குக் கேஷ் என்று பெயர். முன்பு வாங்கியதை எடுத்து வைக்கும் அலுமாரி என்று கொள்ளுங்கள். அலுமாரி இருந்தால் மட்டும் போதாது. எதை அலுமாரியிலிருந்து கொடுப்பது, எதற்கு டவுனுக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சர்வீஸ் வோர்க்கர்: பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு கோரிக்கையையும் மறித்துப் பார்க்கும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு.

லயத்து இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், அப்பாயி உட்கார்ந்திருக்கிறார். கடைக்குக் கிளம்பும் பிள்ளை அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். “என்னடா வாங்கப் போற? சவுக்காரமா? இந்தா, நம்மகிட்ட இருக்கு. மீனா? அது இன்னைக்கு வந்ததா இருக்கணும், ஓடு.” அப்பாயி அடுப்படிக்குள் வருவதில்லை, சர்வீஸ் வோர்க்கரும் பக்கத்தில் இருப்பதை நேரடியாகத் தொட முடியாது. வேலை இல்லாதபோது கண்ணயர்ந்துவிடுவார். கோரிக்கை வந்தால் பிரௌசர் எழுப்பிவிடும். டவுன் பாதை மண்சரிவில் மூடிக் கிடந்தாலும் அலுமாரிச் சாமான் கையில் இருக்கும். சிக்னல் இல்லாமலேயே பக்கத்தின் சட்டகம் திறப்பது இப்படித்தான்.

‘பிரௌசர் தானாகவே எல்லாவற்றையும் சேமிக்குமே, பிறகு எதற்கு இது?’ என்று தம்பி இடையில் கேட்டான். நல்ல கேள்வி. அந்தத் தானியங்கிச் சேமிப்பு பெரும்பாலும் படங்களுக்கும் நிறக் கோப்புகளுக்கும் உதவும். ஆனால் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்கு, ‘இது இன்னும் செல்லுமா?’ என்று சர்வரிடம் கேட்டுவிட்டு வரத்தான் வழக்கமாகப் போகும். அங்கே ஒரு நடை மிஞ்சிவிடுகிறது. சிக்னல் செத்துக் கிடந்தால் அந்த ஒரு நடையும் முடியாது. அப்பாயியோ யாரையும் கேட்கத் தேவையில்லை.

எல்லாக் கோரிக்கையையும் மறிக்கும் அதிகாரம் என்பதால் இந்த இடத்தில் தப்பான ஆள் உட்கார்ந்துவிடக் கூடாது. அதனால்தான் எச்டிடிபிஎஸ், அதாவது வழியில் யாரும் திருத்த முடியாதபடி பூட்டிய தொடர்பு உள்ள தளத்தில் மட்டுமே பிரௌசர் சர்வீஸ் வோர்க்கரை அனுமதிக்கும். சொந்தக் கணினியில் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

கொஞ்சம் வரலாறு. குரோமில் சர்வீஸ் வோர்க்கர் வந்தது 2015 ஆரம்பத்தில். அதே ஆண்டில்தான் குரோம் பொறியியலாளர் அலெக்ஸ் ரஸ்ஸலும் வடிவமைப்பாளர் பிரான்சிஸ் பெரிமனும், ஆப் மாதிரி நடந்துகொள்ளும் இணையத்தளங்களுக்கு ‘புரோகிரசிவ் வெப் ஆப்’ என்ற பெயரை வைத்தார்கள். கூகுளின் குரோம் குழுவினர் ஆப் ஷெல் முறையைப் பரப்பியதும் அப்போதுதான். ஐபோனுக்கு இது வர 2018 மார்ச் ஆயிற்று. சர்வீஸ் வோர்க்கருக்கு முன் இதே வேலைக்கு ஆப்கேஷ் என்று ஒன்று இருந்தது. அதோடு மல்லுக்கட்டியவர்களிடம் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

முதல் வருகைக்கு ஒன்றும் கிடைக்காது

இனி இன்காக்னிட்டோ. அப்பாயியின் அலுமாரி முதல் நாள் காலி. ஒருவர் தளத்துக்கு முதன்முறை வரும்போது சட்டகம், எழுத்துரு, எல்லாமே டவுனிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த வருகையின்போதுதான் சர்வீஸ் வோர்க்கர் பதிவாகி, சாமான்களை அலுமாரியில் அடுக்குகிறது. பலன் இரண்டாம் வருகையிலிருந்து.

இன்காக்னிட்டோ ஜன்னல்களை மூடும்போது பிரௌசர் அந்த அலுமாரியை உடைத்து அப்பாயியையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. மூடி மூடித் திறந்த தம்பி ஒவ்வொரு முறையும் முதல் வருகையையே அளந்திருக்கிறான். பத்துத் தடவை அளந்தாலும் பத்தும் முதல் நாள்தான்.

சரி, வேகம் கூடாவிட்டால் போகட்டும், குறைந்தது ஏன்? அவன் சட்டகத்தைப் பிரித்த விதம் அப்படி. முன்பு அவனுடைய சர்வர் விலைகளையும் சேர்த்தே ஒரே பக்கமாக அனுப்பியது. இப்போது வெறும் சட்டகம் வருகிறது. அது கேட்டு ஜாவாஸ்கிரிப்ட் வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்த பிறகே விலைகளைக் கேட்கப் போகிறது. ஒரு நடையில் முடிந்த காரியம் மூன்று நடையாகிவிட்டது. அலுமாரி நிறைந்திருக்கும்போது முதல் இரண்டும் போனுக்குள்ளேயே நடந்துவிடும், உறைக்காது. காலியாக இருக்கும்போது மூன்றும் மலை இறங்கி ஏற வேண்டும்.

இதற்கு நான் சொன்ன மாற்று: முதல் வருகையில் பழையபடி சர்வரே விலையோடு முழுப் பக்கத்தையும் அனுப்பட்டும். அது திறந்து முடிந்த பிறகு, ஆறுதலாக, சர்வீஸ் வோர்க்கர் பதிவாகட்டும். இரண்டாம் வருகையிலிருந்து சட்டகம் அலுமாரியிலிருந்து வரட்டும். வேலை கொஞ்சம் கூடும்தான். ஆனால் முதல் தடவை வந்தவர் வெறும் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்.

இன்னொன்றையும் அவனுக்கு அழுத்திச் சொன்னேன். பலகை தயாராக இருப்பதால் ரயில் நேரத்துக்கு வந்துவிடாது. இரண்டாம் வருகையிலும் விலை என்ற உள்ளடக்கம் இணையத்தில் நடந்துதான் வருகிறது. சட்டகம் உடனே தெரிவதால் பக்கம் ‘பிடித்துக்கொண்டது’ என்ற நம்பிக்கை வருகிறது. விலைக்கான நடைக்குப் போட்டியாக வேறு சுமை இல்லாததால் அதுவும் முன்னைவிடச் சீக்கிரம் வரும். ஆனால் விலைப் பட்டியல் தரும் சர்வரே ஐந்து செகண்ட் யோசிக்கிற ரகம் என்றால் ஆப் ஷெல் அதற்கு மருந்தில்லை. முதலில் அந்தச் சர்வரைப் பாருங்கள்.

சுருக்கமாக: முதல் வருகைக்கு லாபம் இல்லை, கவனம் பிசகினால் நட்டம். திரும்பத் திரும்ப வருபவருக்குத்தான் இது. விலை பார்க்கும் தோட்டக்காரர் தினமும் வருகிறார் என்பதால் தம்பியின் தளத்துக்கு இது பொருந்துகிறது.

பழைய விலையைப் புதிது என்று காட்டிய கதை

இந்த இடத்தில் என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் நானும் இப்படி ஒரு விலைப் பக்கம் செய்து கொடுத்தேன். உற்சாகத்தில், வருகிற எல்லாவற்றையும் அலுமாரியில் வை, கேட்டால் அலுமாரியில் இருந்தே கொடு என்று அப்பாயிக்குக் கட்டளை போட்டுவிட்டேன். பக்கம் மின்னல் மாதிரித் திறந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு விவசாயி கோல் எடுத்துக் கத்தினார். முந்தாநாள் கரட் விலையை இன்றைய விலை என்று நம்பி, பேரம் பேசப் போன இடத்தில் அசிங்கப்பட்டுவிட்டாராம். வெண்கட்டியில் எழுத வேண்டியதை நான் பெயின்டில் எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து இரண்டு வகைக்கும் இரண்டு கட்டளை. சட்டகம் என்றால் முதலில் அலுமாரி, அங்கே இல்லாவிட்டால்தான் டவுன். விலை என்றால் முதலில் டவுன். சில செகண்டுக்குள் பதில் வராவிட்டால் அலுமாரியில் கடைசியாக இருந்த விலை. அப்படிக் காட்டும்போது ‘நேற்று மாலை 5 மணி விலை’ என்று நேரத்தையும் பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். இந்த நேரக் குறிப்பை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். பழைய விலை தெரிவது பிழையில்லை. பழையது என்று தெரியாமல் தெரிவதுதான் பிழை.

விலை வரும்வரை கட்டங்களில் என்ன காட்டுவது? சாம்பல் நிறத்தில் வெறும் கோடுகளைக் காட்டலாம். இதை ஸ்கெலிட்டன் என்பார்கள். வரப்போகும் எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு உயரத்தைக் கோடுகள் முன்பே பிடித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விலை வந்து விழும்போது பக்கம் துள்ளும். லீக்ஸைத் தொடப் போன விரல் விளம்பரத்தைத் தொட்டுவிடும்.

பலகைக்குத் திரும்பப் பெயின்ட் அடிப்பது

சட்டகமும் என்றைக்காவது மாறத்தான் செய்யும். சர்வீஸ் வோர்க்கர் கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் பிரௌசர் அதைக் கண்டுபிடித்து, புதியதை இறக்கி, தயாராக வைத்துக்கொள்ளும். ஆனால் பழைய அப்பாயி எழுந்து போகும்வரை, அதாவது அந்தத் தளத்தின் திறந்திருக்கும் பக்கங்கள் எல்லாம் மூடப்படும்வரை, புதியவர் வாசலில் காத்திருப்பார். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தாலும் இது நகராது. ‘மாத்திட்டேன், ஆனா மாறலயே’ என்ற புலம்பலுக்கு அனேகமாக இதுதான் காரணம். ஆகவே சட்டகத்துக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, புதியது பொறுப்பேற்கும்போது பழைய அலுமாரியை அழிக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் பழைய நிறமும் புதிய ஜாவாஸ்கிரிப்ட்டும் கலந்து ஒரு கோலம் வரும்.

அலுமாரி நிரந்தரமும் இல்லை. வாட்ஸ்அப் படங்களால் போன் நிரம்பினால் பிரௌசர் இடத்துக்காக அதைக் காலி செய்யலாம். ஐபோனில் 2020 முதல், அதன் பிரௌசராகிய சஃபாரியை ஏழு நாள் பாவித்தும் அந்தத் தளத்தின் பக்கம் போகாவிட்டால் அலுமாரி துடைக்கப்பட்டுவிடும். முகப்புத் திரையில் சேர்த்து வைத்த தளங்களுக்கு மட்டும் விலக்கு.

தமிழ்த் தளங்களுக்கு ஒரு வார்த்தை

சட்டகத்தைச் சிறிதாக வைக்கச் சொல்வார்கள். தமிழில் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். இணையத்தில் வழக்கமாகப் பாவிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 15 பைட். சுருக்கி அனுப்பினால் இது வெகுவாகக் குறையும் என்பதால் எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது எழுத்துருவுக்கு. அழகுக்காக மூன்று தமிழ் எழுத்துருக்களைச் சட்டகத்தில் திணித்த தளங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று போதும். அது வரும்வரை போனில் இருக்கும் தமிழ் எழுத்தையே காட்டச் சொல்லுங்கள். வெறும் வெள்ளையைவிட அழகில்லாத எழுத்து எவ்வளவோ மேல்.

எங்கே வேண்டாம்

ஒரு செய்தியையோ கதையையோ வாசித்துவிட்டுப் போய்விடும் தளத்துக்கு இது வேண்டாம். அங்கே வருபவர் பெரும்பாலும் முதல் வருகை, உள்ளடக்கம்தான் பக்கம், சட்டகம் ஒரு தலைப்புப் பட்டை. முழுப் பக்கத்தையும் சர்வரே அனுப்புவது நல்லது. இன்னொரு தொல்லையும் உண்டு. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் கீழே தலைப்பும் படமும் வருகிறதே, அதை எடுப்பவர் ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. வெறும் சட்டகத்தை மட்டும் கொடுத்தால் எல்லாப் பக்கத்துக்கும் ஒரே தலைப்பு, ஒரே படம்தான் போகும்.

அடுத்த வாரம் தம்பி ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு ரயிலில் போக இருந்தான். இன்காக்னிட்டோவை விட்டுவிட்டு, கிளம்பும் முன் ஸ்டேஷனில் வைத்து ஒருமுறை சாதாரணமாகத் தளத்தைத் திறந்து மூடு என்றேன். ஹட்டனைத் தாண்டிக் கொட்டகலைக்கு முன்னால் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. உள்ளே போனதும் திரும்பத் திற. அன்று மாலை ஸ்கிரீன்ஷாட் ஒன்று அனுப்பினான். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மேலே அவனுடைய பெயர்ப்பட்டை, கீழே கட்டங்கள், கரட்டுக்கும் லீக்ஸுக்கும் நேரே விலை. நேரக் குறிப்பைத்தான் காணவில்லை. அதை எங்கே போடுவது, மேலேயா கீழேயா என்று கேட்டிருந்தான்.